சூரியனை முந்தி வாங்கியவன்

சோலார் பனல் விலை குறைந்ததற்காக நான் ஒருவனின் மூக்கை உடைத்திருக்கிறேன். மூக்கு என் மனைவியின் தம்பியுடையது. ஐம்பதைத் தாண்டிய, பிரஷர் குளிசை போடுகிற, அலுமாரி நிறையப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிற ஒருவன் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. செய்தேன். செய்த கணத்தில் கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

ஸ்காபரோவில் எங்கள் வீதியில் கூரைமேல் முதன்முதலில் பனல் போட்டவன் நான். அப்போது அது பெரிய விலை. வீட்டுக் கடனைக் கூட்டித்தான் வாங்கினேன். நீல நிறம், வெள்ளிச் சட்டம், கூரை முழுக்க. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் வெளியே நிறுத்தி, கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வைத்து, வெயில் எப்படிக் கரண்ட் ஆகிறது, மிஞ்சியது எப்படிக் கம்பி வழியே வெளியே போய்ப் பில்லில் கழிகிறது என்று விளக்குவேன். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.

பிறகு விலை இறங்கத் தொடங்கியது. இறங்கிக்கொண்டே போனது. நாம் வாங்கிய பொருளின் விலை வருடாவருடம் விழுவதைப் பார்ப்பது, தன் மரண அறிவித்தலைத் தவணை முறையில் வாசிப்பது மாதிரி. விலை மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். பனலும் திறமாகிக்கொண்டு வந்தது. பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிய மச்சான் போன கோடையில் போட்டது முழுக் கறுப்பு. நான் கொடுத்ததில் பாதிகூட அவன் கொடுக்கவில்லை. என்னுடையதைவிடக் குறைந்த இடத்தில், என்னுடையதைவிடக் கூடக் கரண்ட் வந்தது. முகில் நாளிலும் வந்தது. அன்றன்று வந்த கணக்கை அவன் ஒவ்வொரு பின்னேரமும் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவான். என் மனைவி கீழே கைதட்டுவாள், என் பக்கத்தில் அதே சோபாவில் இருந்துகொண்டு.

மானத்தைக் காக்க எனக்கு ஒரு சித்தாந்தம் தேவைப்பட்டது, ஒன்றைத் தயாரித்தேன். முதலில் கூடின விலைக்கு வாங்க ஆட்கள் இருந்தபடியால்தான் தொழிற்சாலைகள் பெருகின, பெருகினபடியால்தான் விலை விழுந்தது. ஆகவே மச்சானின் மலிவுக்கு அடியில் கிடப்பது என் காசு. பொருளாதாரப்படி இதில் பிழையில்லை. வாயைத் திறந்து சொன்னதுதான் பிழை.

சொன்னது ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் முழுக்கப் பனி கொட்டி, அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் வெளித்திருந்தது. நண்டுக் கறிக்கு வந்த மச்சான் ட்ரைவ்வேயில் இறங்கியதும் என் கூரையைத்தான் பார்த்தான்.

“என்ன அத்தான், உங்கட பனல் போர்த்துக்கொண்டு படுத்திருக்குது? என்ரயில விடியவே பனி வழுக்கி விழுந்திட்டுது. பாருங்கோ, கரண்ட் என்ன அடி அடிக்குது எண்டு.” போனை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினான்.

நான் கராஜுக்குள் போய், கூரைப் பனி இழுக்கிற நீண்ட அலுமினியத் தடியை எடுத்து வந்தேன். தாழ்வாரத்துக்குக் கீழே நின்று, பனலின் கீழ் ஓரத்துப் பனியை இழுத்து இழுத்து விழுத்தினேன்.

“விடுங்கோ அத்தான், கண்ணாடி கீறுப்படும். உந்தப் பழசுக்கு இப்ப பாட்ஸும் எடுக்கேலாது.”

“பழசோ? நான் அண்டைக்குக் கூட விலை குடுத்தபடியாத்தான் இண்டைக்கு உமக்கு மலிவாக் கிடைச்சது. அந்த நன்றி இருக்கவேணும்.”

“ஓமோம். உலகத்துக்காகக் காசைக் கரியாக்கின மகான். உங்களுக்கு ஒரு சிலை வைப்பம் அத்தான். தலையில ரெண்டு நீலப் பனலும் பூட்டி.”

வாசலில் நின்ற மனைவி சிரித்தாள். தம்பியின் பகிடிக்கு இல்லை, அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அடித்தேன். தடி தவறுதலாகப் பட்டது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். வீசித்தான் அடித்தேன். காய்ந்த சுள்ளியை முறித்ததுபோல் ஒரு சத்தம். மூக்கால் வந்த இரத்தம் அவனுடைய ஜாக்கெட்டிலும் பனியிலும் பொலபொலவென்று விழுந்தது.

அவன் ஒரு கணம் அதைக் குனிந்து பார்த்தான். பிறகு வந்தான். என் காதைப் பொத்தி ஒரு அறை. தலைக்குள் விசில் அடித்தது. நான் அவனுடைய கையைக் கடித்தேன். தோல் உப்பாக இருந்தது, விடவில்லை. விழுந்து புரண்டோம். நான் ‘நீர்’ என்பதை விட்டு ‘நீ’க்கு இறங்கி, அதற்குக் கீழேயும் இறங்கியிருந்தேன். அவனோ என் தொண்டையை அமத்திப் பிடித்துக்கொண்டு, “கொல்லுவன் அத்தான், உங்களைக் கொல்லுவன்,” என்றான். மரியாதை போகவில்லை. மூச்சுத்தான் போனது. முழங்காலால் அவனுடைய வயிற்றில் இடித்து எழும்பினேன். அவனும் எழும்பி, முகம் முழுக்க இரத்தத்தோடு ஓடி வந்து, இரண்டு கையாலும் என் நெஞ்சில் தள்ளினான். குப்பைத் தொட்டிகளுக்கு மேலால் போய் விழுந்தேன்.

அதே நேரம் மேலே லொறி கல்லுக் கொட்டுவதுபோல் ஒரு இரைச்சல். கீழ் ஓரத்தை நான் இழுத்துவிட்டதால் பிடிமானம் போய், வெயிலுக்குக் கண்ணாடியும் சூடேறி, கூரைப் பனி முழுக்க ஒரே பாளமாக இறங்கியது. நான் தலையைத் தூக்கியபோது மச்சானைக் காணவில்லை. வெள்ளைக் குவியலும் ஒரு சப்பாத்தும் தெரிந்தன. சப்பாத்து அசையவில்லை.

மனைவி வெறுங்கையால் கிளறினாள். நான் பனி அள்ளுகிற சவளால் வெட்டினேன். வெட்டவும் பயம், வெட்டாமல் விடவும் பயம்; முகம் எங்கே கிடக்கிறதோ. பெயரைச் சொல்லிக் கத்தினேன், பதில் இல்லை. சவளின் விளிம்பு எதிலோ இடித்தது. “அம்மா!” என்று குவியல் முனகியது. அவனுடைய தோளை வெட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருவரையும் காயப்படுத்தியதில்லை. இழுத்தெடுத்தபோது உதடு நீலம், வாய் நிறையப் பனி. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். கடித்தான். உயிர் இருக்கிறது என்று தெரிந்தது.

காறை எலும்பு முறிவு, விலா எலும்பில் வெடிப்பு, மூக்கு என் கணக்கு. அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, போனை எடுத்துப் பனலின் கணக்கைப் பார்த்தேன். காலை முழுக்கத் தரையோடு கிடந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக மேலே போயிருந்தது. மச்சான் புதைந்த நேரம் அது. அந்தக் குளிர்காலத்திலேயே என் பனலுக்கு அதுதான் நல்ல நாள். மனைவி எட்டிப் பார்த்தாள். ஒரு கதிரை தள்ளிப் போய் இருந்தாள்.

அந்தத் தனிமையில்தான் எனக்கு உறைத்தது. பனி வருவதை அவன் கண்டிருக்கிறான். கண்டுதான் என்னைத் தள்ளியிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. மனைவிக்குச் சொன்னேன், போனில் சொந்தக்காரருக்குச் சொன்னேன், கேட்காத தாதிக்கும் சொன்னேன். உள்ளே விட்டதும் கட்டிலருகே போய் அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உன்ர உயிரைக் குடுத்து என்னைக் காப்பாத்தினியேடா.”

அவன் கையை உருவிக்கொண்டு, பஞ்சு அடைத்த மூக்கால் பேசினான்.

“ஆர் காப்பாத்தினது? பனியை நான் காணவே இல்லை அத்தான். உங்கட பல்லு அந்தக் குப்பைத் தொட்டியில அடிபட்டு உடையட்டும் எண்டுதான் தள்ளினனான். அதுவும் சரிவரேல்லை.”