நூல் சுற்றப்போவது யார்?

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், என் கைக்கடிகாரக் கடைக்கும் ஆனந்தியின் கம்ப்யூட்டர் சென்டருக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டிதான் இருக்கிறது. நான் ஒட்டுக்கேட்பதாக யாரும் சொல்லக்கூடாது. தட்டி அவ்வளவு மெலிசு.

சென்டர் அவள் கணவர் சிவராம் பெயரில். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு அவர் நில புரோக்கர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் பூட்ட வருவார். நடுவில் நடப்பதெல்லாம் ஆனந்தி. வங்கிக் கடனுக்குப் போகிறவர்கள் தொழில் திட்டம் எழுத அவளிடம்தான் வருவார்கள். வேறு ஏதோ ஒரு சென்டரில், பேக்கரிக்கு எழுதிய திட்டத்தில் பெயரை மட்டும் மாற்றி ஒரு கோழிப்பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். "கோழிக்கு எதுக்குய்யா ஓவன்?" என்று வங்கியில் கேட்டார்களாம்.

ஆனந்தி அப்படிச் செய்யமாட்டாள். கேள்வி கேட்டே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆடித் தபசுத் திருவிழா நாட்களில் நடந்த சர்பத் வியாபாரத்தை வைத்து வருஷக் கணக்குப் போட்டு வந்தார் ஒருவர். "தபசுக்கு வந்த சனம் கார்த்திகை மழையிலயும் இங்கன நின்னு சர்பத் குடிக்குமா அண்ணாச்சி?" என்றாள். அவர் பழையபடி பிளாஸ்டிக் சாமான் வியாபாரத்துக்கே போய்விட்டார். இந்த ஊரில் தனக்குப் போட்டியே கிடையாது என்று எழுதச் சொன்ன செல்போன் கடைக்காரரை, எழுந்துபோய்த் தெருவை ஒரு நடை பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் யாரையும் பொய்யோடு வங்கிக்கு அனுப்பமாட்டாள். அதனாலேயே அவள்மேல் எனக்கு மரியாதை.

போன வாரம் சங்கரசுப்புவும் அவர் மனைவி முருகம்மாளும் வந்தார்கள். அவர் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு நெய்கிறவர். சொந்தமாக நாலு தறி போட ஆசை. முருகம்மாள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அன்று கடையில் கொடுத்த யூனிஃபார்ம் சேலையிலேயே வந்திருந்தாள்.

தறி விலை, கரண்ட், நூல் என்று எல்லாவற்றையும் சங்கரசுப்பு மளமளவென்று சொன்னார். லாபம் நன்றாகவே வந்தது. ஆனந்தி நிறுத்தினாள்.

"தறிக்கு நூல் சுத்தப் போறது யாரு அண்ணாச்சி?"

"இவதான் இருக்காள்லா."

"அக்காவுக்குக் கூலி எவ்வளவு போட?"

அவர் சிரித்தார். "வீட்டு ஆளுக்குக் கூலியா? நல்லாச் சொன்னிய. எங்க தெருவுல எந்த வீட்டுல போடுதாவ?"

உண்மைதான். தறி வீடுகளில் நெய்கிறவருக்குக் கூலி உண்டு. நூல் சுற்றுகிற பெண்டாட்டிக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

அப்போதுதான் முருகம்மாள் வாயைத் திறந்தாள். "நாலு தறிக்குச் சுத்தணும்னா நான் கடைய விடணுமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே நீங்க?"

அவள் அதோடு விடவில்லை.

"அந்தக் கடையில என்னை முருகம்மா மேடம்னு கூப்பிடுதாவ. நான் விடமாட்டேன்." எனக்கு இந்தப் பக்கம் மனசு கனத்தது.

சங்கரசுப்பு டீ குடிக்க வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் வடை. அதை மனைவியிடம் நீட்டிவிட்டு ஆனந்தியிடம் கேட்டார்: "நூல் சுத்தக் கூலிக்கு ஆள் வச்சா எத்தன தறி தாங்கும்?"

ஆனந்தி கம்ப்யூட்டரில் கணக்கைத் தட்டிப் பார்த்தாள். "ரெண்டுதான் அண்ணாச்சி. நாலுன்னா வட்டியிலயே முங்கிருவிய."

"அப்போ ரெண்டு போடுங்க." சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கித்தான் போனது.

எழுந்து போகும்போது முருகம்மாள் வாசலில் நின்றாள். சிவராம் பெயர் எழுதிய பலகையை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன் தங்கச்சி, உனக்கு இங்க யாரு சம்பளம் போடுதா?"

கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லாத ஆனந்தியை நான் அன்றுதான் கண்டேன்.

சாயங்காலம் சிவராம் பூட்ட வந்தார்.

"இந்த மாசத்துல இருந்து எனக்கும் சம்பளம் போடணும்" என்றாள் ஆனந்தி.

"என்னட்டி புதுசா? நம்ம கடை. நமக்கு நாமளே சம்பளமா?"

"அதையேதான் இன்னைக்கு வந்த தறிக்கார அண்ணாச்சியும் சொன்னாரு. அவர்கிட்ட அவ்வளவு கேள்வி கேட்டேன். அவரு வீட்டு அக்கா திருப்பி ஒண்ணு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. வெக்கமாப் போச்சு."

சிவராம் ஷட்டரை இழுக்கக் கொக்கியை எடுத்தார்.

"நாளைக்குத் திட்டத்தோட பிரிண்ட் வாங்க அந்த அக்காவும் வருவாங்க" என்றாள் ஆனந்தி. "அதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்."