றொசாலியாவின் முள்ளுக்கரண்டிகள்

கரண்டி விற்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள், வாங்க வந்தவருக்கு முன்னால் நின்று அதைப் பிடித்துக் காட்டிப் பார்க்க வேண்டும். வியா மக்வேதா தெருவில் நான் நிற்கிற கடையில் முள்ளுக்கரண்டி, கத்தி, கரண்டி மட்டும்தான். சில்வர் புதிது, மோஸ்தர் போன நூற்றாண்டின் நடுப்பகுதி: மெல்லிய பிடி, கட்டைப் பல், பூவேலை கிடையாது. சில மாதம் பார்த்துவிட்டுத்தான் கொன்ட்ராட்டோ என்று முதலாளியம்மா சின்யோரா சொல்லியிருந்தார். அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருப்பதற்கான என் அனுமதிப் பத்திரம், பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கப்படாது. கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

பளபளப்பு

முதல் வாரம். கண்ணாடி அலுமாரியில் இருந்ததெல்லாம் மங்கலாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் சில்வர் என்றால் முகம் தெரிய வேண்டும். நல்ல பெயர் எடுக்கலாம் என்று பொலிஷ் கொண்டுபோய் ஒரு செட் முழுவதையும் மினுக்கி வைத்தேன். சின்யோரா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

“மினுங்கக் கூடாதெண்டுதானே இதை இவ்வளவு பாடுபட்டுச் செய்யிறாங்கள், நீ ஒரு காலமையிலை அழிச்சுப்போட்டாய்!”

மஞ்சள்

மத்தியானம் பின்னறையில் சோறும் பருப்பும் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு ஓடினேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் முள்ளுக்கரண்டியைப் பிடித்துக் காட்டச் சொன்னார். வீட்டிலும் இதாலா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். “ஓம், ஒவ்வொரு நாளும்” என்று கூசாமல் சொன்னேன். அவருடைய பார்வை என் நகங்களில் நின்றது. கூசியது அதற்குப் பிறகுதான்.

“அப்ப இந்தச் சாமான் மஞ்சள் சாயம் விடுமோ?”

கலியாணப் பெட்டி

கடையில் பெயர் வெட்டுகிற சின்ன மெஷின் உண்டு. கபோ சந்தைப் பக்கமிருந்து வந்த சின்யோரா றொசாலியா, தங்கை மகளின் கலியாணத்துக்கு ஒரு கரண்டிப் பெட்டி எடுத்தார். பிடிகளில் பெயர் வெட்டிவிடச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் கலியாணத்துக்குக் குடம் கொடுத்தால், கொடுத்தவரின் பெயர்தான் அதில் இருக்கும். இதில் கேட்க என்ன இருக்கிறது? கை நோக நோக ஒவ்வொரு பிடியிலும் ‘றொசாலியா’ என்று வெட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

இங்கே பொம்பிளை, மாப்பிள்ளை இரண்டு பேரின் பெயரைத்தான் வெட்டுவார்களாம். புதுப்பெண் மாமியாரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைத்தான் முதன்முதலாகப் பிரித்து மேசையில் வைத்திருக்கிறாள். மறுநாள் பெட்டியோடு கடைக்கு வந்து, வாங்க வந்த சனத்துக்கெல்லாம் முன்னால் சொன்னாள்:

“மாமியார் கேக்கிறா, பெரியம்மாவிட்டை இரவல் வாங்கினதை எப்ப திருப்பிக் குடுக்கப் போறாய் எண்டு!”

கொன்ட்ராட்டோ

முதலாளி அவளுக்கு வேறு பெட்டி கொடுத்து அனுப்பினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் ஒரு பக்கம், பெர்மெஸ்ஸோ ஒரு பக்கம். நானே போய்விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். கூடவே அந்தப் பெட்டியையும் தள்ளினார்.

“ஆற்றை பெயரை வெட்டுறதெண்டு சொல்லித் தராதது என்ரை பிழையும்தான். ஆனா இதை உன்ரை வீட்டை கொண்டுபோ. கடையிலை கிடந்தா எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

போர்கோ வெக்கியோவில் என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் யார் இந்த றொசாலியா என்று கேட்டுவிடுவார்களே என்று பயந்து, முள்ளுக்கரண்டி விற்றுப் பிழைக்கிற நான் எல்லாரையும் கையாலேயே சாப்பிடச் சொல்லிவிடுகிறேன்.