பளபளத்த புகைக்குழாய்

மூன்று வருடங்களுக்கு முன் மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் என் தங்கையின் கல்யாணம். பெண்ணைக் கோயிலுக்கு என் காரில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று நானே அடம்பிடித்து வாங்கிய பொறுப்பு. காரைப் பூவால் அலங்கரிக்க முந்தின நாள் அளவு பார்க்க வந்த சித்தப்பா, பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "காடி நல்லாத்தான் இருக்கு, பின்னாடி எதுக்கு ரெண்டு கரிச்சட்டி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அது இரட்டைப் புகைக்குழாய். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது கரியும் பழுப்பும் ஏறிப் பார்க்கச் சகிக்கவில்லை. குத்துவிளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் புளியைக் கரைத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரம் தேய்த்ததில் என் கைதான் பளபளத்தது. எரிச்சலோடு கடைக்குப் போய் பாலிஷும் இரும்பு நாரும் வாங்கி வந்தேன். கழுவும் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாதே என்று, கொடியில் கைக்குக் கிடைத்த கறுப்புத் துணிகளைச் சுருட்டி இரண்டு குழாய்க்குள்ளும் ஆழமாகத் திணித்துவிட்டு, இருட்டும்வரை தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆனதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

விடிந்ததும் என் கணவர், மாலை விருந்துக்குப் போட வைத்திருந்த காலுறையைக் காணோம், ஸ்டோக்கின் எங்கே என்று தேட ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் இதுதானா கவலை, ஒரு பொருளையாவது வைத்த இடத்தில் வைத்தது உண்டா என்று நன்றாகவே திட்டினேன்.

ஏழரைக்கு முகூர்த்தம். ஆறே முக்காலுக்குத் தங்கையைப் பட்டுப்புடவையோடு பின்சீட்டில் உட்கார வைத்து காரைக் கிளப்பினேன். இருமியது, நின்றுவிட்டது. நாலு தடவையும் அதே கதை. சொந்தக்காரர்களின் கார்களெல்லாம் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டன. வாடகைக் கார் வர அரை மணி நேரம் ஆகுமாம். தங்கையின் கண்மை கரைய ஆரம்பித்தது. "அக்கா, நேரம் போயிடும் லா" என்று அழுதாள். எனக்குத் தலை சூடேறியது. ராத்திரி காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு பேட்டரியைத் தீர்த்தது நீங்கள்தான் என்று, தெருவே வேடிக்கை பார்க்கக் கணவர் மேல் பாய்ந்தேன். நான் காடிப் பக்கமே போகவில்லை என்று அவர் சொன்னது என் சத்தத்தில் அமுங்கிப் போனது.

எதிரே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இன்னொரு முறை கிளப்பச் சொல்லி, குழாய்ப் பக்கம் கையை வைத்துப் பார்த்தார். காற்றே வரவில்லையே என்று மலாயில் சொல்லிக்கொண்டே உள்ளே விரல் விட்டு இழுத்தார். ஈரமாக ஒரு கறுப்புத் துணி வந்தது. அடுத்த குழாயில் அதன் ஜோடி.

கணவர் அதைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார். "என் ஸ்டோக்கின்" என்றார். அவ்வளவுதான்.

கார் முதல் தடவையிலேயே கிளம்பியது. முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு நடுவே அவர் காதருகே மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "கேக்கல. காலையில பேசுன மாதிரி சத்தமா சொல்லு."

திட்டும்போது தெருவுக்கே கேட்ட என் குரல், மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் மேளச் சத்தத்தைத் தேடி ஒளிந்ததே என்ற வெட்கம், இன்றும் யாரையாவது திட்ட வாயெடுக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்துகிறது.