படகைத் திருப்பச் சொல்ல ஒரு வாய்

எல்ஸ்பெட்டைப் பேராசைக்காரி என்று சொல்லாதவர்கள் எங்கள் துறைமுகத்தில் இல்லை. ஹெர்ரிங் மீனைக் கீறிக் குடலெடுக்கும் கொட்டகையில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நின்றவள்தான் அவள். கணவன் கேவின், ஆர்ச்சி தலைவனாக இருந்த படகில் வலை இழுப்பவன். அந்தப் படகுக்குக் கேவினே தலைவனாக வேண்டும் என்று அவள் நச்சரித்தது ஊருக்கே தெரியும். ஏன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

காரணம் கல்லறைத் தோட்டத்தில், ஒரு சின்ன மண்மேட்டின் கீழே உறங்கிக்கொண்டிருந்தது.

அவர்களின் கைக்குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டபோது கேவின் கடலில் இருந்தான். படகின் வானொலிக்குத் தகவல் போனது. அன்று மீன் திரளாக மேலே வந்திருந்தது. “இன்னும் ஒரு வலை” என்றான் ஆர்ச்சி. படகைத் திருப்பச் சொல்ல, வலை இழுப்பவனுக்கு வாய் ஏது? கேவின் கரையேறியபோது தொட்டில் துணியில் பால் கறை மட்டும் இருந்தது.

ஆர்ச்சியைக் கவிழ்க்க அவளுக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்கள் ஆட்கள் படகில் ‘பன்றி’ என்று சொல்ல மாட்டார்கள்; அது அபசகுனம். யாராவது வாய் தவறினால், தோஷம் கழிய எல்லோரும் பாய்ந்து இரும்பைத் தொடுவார்கள். சொன்னவனோடு கடலுக்குப் போக மாட்டார்கள். ஆர்ச்சி படகில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தான், என் காதால் கேட்டேன் என்று எல்ஸ்பெட் கொட்டகையில் மெல்லச் சொன்னாள். அந்த வாரமே வலை பாறையில் சிக்கிக் கிழிந்தது. அவ்வளவுதான். ஆர்ச்சியோடு ஏற ஆளில்லை. படகின் சொந்தக்காரர் அதைக் கேவினிடம் கொடுத்துவிட்டார். பனி விழுந்த ஒரு காலையில், துறைமுகப் படிக்கட்டின் அடியில், தண்ணீரிலிருந்து ஆர்ச்சியின் உடலை எடுத்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் தேவாலயக் கூடத்தில் நாடகம் போட்டார்கள். கணவனை அரசனாக்க அவனைக் கொலைக்குத் தூண்டும் ஒருத்தியின் பழைய சோகக் கதை. நடத்தியவர் தபால்காரர் வாட்டி. மனைவி வேடத்தை எல்ஸ்பெட்டுக்குக் கொடுத்தார். மேடைக்குப் பலகை அடிக்கக் கேவினும் வந்திருந்தான்.

“இன்னும் கொஞ்சம் ஆசையோட சொல்லும்மா,” என்றார் வாட்டி ஒத்திகையில். “இவளுக்குக் கிரீடம் வேணும். வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது.”

“நம்ம எல்ஸ்பெட்டுக்குச் சொல்லியா தரணும்?” என்றாள் கொட்டகைத் தோழி இஸொபெல். “வீட்டுல தெனமும் ஒத்திகைதான்.”

கூடம் சிரித்தது. எல்ஸ்பெட் சிரிக்கவில்லை.

“கிரீடத்த வச்சு அவ என்ன பண்ணப் போறா? புள்ளைக்குப் பால் குடுத்தேன்னு அவளே சொல்றா. இந்தக் கதையில அந்தப் புள்ளய எங்கயாச்சும் காட்டுறாங்களா? காலித் தொட்டிலப் பாத்துக்கிட்டு ஒருத்தி எப்படி சும்மா கெடப்பா?”

“கதைய விட்டுட்டு எங்கயோ போறியேம்மா.”

“எங்கயும் போகல. எம்புருஷன் யாரையும் கேக்காம படகத் திருப்பணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் ஆர்ச்சி மேல பொய் சொன்னேன். அவன் வாயில அந்தச் சொல் வரவே இல்ல.”

கேவினின் சுத்தியல் நின்றது.

“எனக்கு முடிச்சுப் போடக் கத்துக் குடுத்தவன்டி அவன்,” என்றான். “அவன் பொணத்தத் தண்ணியிலருந்து தூக்குனது நான்.”

“உனக்காகத்தான் கேவின்…”

“எனக்காகன்னு சொல்லாத.”

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் படகில் ஏறிவிட்டார்கள். கேவின் எடுக்காமல் வந்த ரொட்டிப் பொட்டலத்தோடு எல்ஸ்பெட் பின்னாலேயே ஓடி வந்தாள். கேவின் சுக்கானைப் பிடித்து நின்று, அவளைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னான்.

“பன்றி.”

எல்லோரும் கைக்குக் கிடைத்த இரும்பைப் பற்றினார்கள். “ஒனக்குப் பைத்தியமாடா?” என்றார் ஒரு கிழவர். கேவின் மறுபடியும் சொன்னான். ஒருவர் பின் ஒருவராகக் கரையில் குதித்தார்கள். கேவின் கயிற்றை அவிழ்த்தான். சின்னப் படகு, ஒருவன் தனியாக ஓட்டலாம், வலை இழுக்க முடியாது. வலை இழுக்கவா அவன் போனான்?

“திருப்பு கேவின். இப்ப நீதான தலைவன்? நீ சொன்னா திரும்பும். திருப்புய்யா,” என்று கரையிலிருந்து கத்தினாள் எல்ஸ்பெட்.

யாருடைய அனுமதியும் அவனுக்குத் தேவையில்லை. அவள் உயிரைக் கொடுத்துக் கேட்ட வரம் அது. படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டியது.

இருட்டிய பிறகும் படகு திரும்பவில்லை. படகு கட்டும் இரும்பு வளையத்தைப் பற்றியபடி அவள் துறையில் கிடந்தாள். உறைந்த விரல்களைப் பிரித்தெடுக்க இஸொபெல் முயன்றாள்.

“வாடி, வீட்டுக்குப் போலாம்.”

“இன்னும் ஒரு வலை,” என்றாள் எல்ஸ்பெட். “இழுத்துட்டு வந்துருவாரு.”