பின்னல் போட்ட ஆண் துணை

எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் நவராத்திரி வந்தால் குழந்தைகளுக்கு வேஷம் போட்டு, கொலுவுக்கு அழைத்துவிட்டு வர வீடு வீடாக அனுப்புவார்கள். எனக்குப் பதினோரு வயதானபோது அம்மா எனக்குப் பஞ்சகச்சம் கட்டி, மயிற்பீலி செருகி, கிருஷ்ணனாக்கினாள். ஐந்து வயதுத் தம்பிக்கு என் பழைய பட்டுப்பாவாடை, சவுரி வைத்த பின்னல், தலை கொள்ளாத கதம்பம். அவன் ராதை.

நான் படிகளைத் தாவிக் குதித்தால் மாமிகள், "கிருஷ்ணன்னா துறுதுறுன்னுதான் இருப்பான்" என்று சிரித்தார்கள். பாவாடையில் குதித்திருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். தம்பியிடமோ, "காலை மடக்கிண்டு சமத்தா உட்காரு, பொண்ணா லட்சணமா" என்றார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத வாலு, மடியில் சுண்டலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பெண்ணுக்கு அடக்கம் பிறவியிலேயே வரும் என்பார்கள். எனக்கென்னவோ அது பாவாடையோடு வருவதாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் என் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. தெருக்கோடிப் பள்ளியில் எனக்கு அதுதான் கடைசி வருஷம். மேலே படிக்க லஸ் கடைத்தெருவைத் தாண்டிப் போக வேண்டும்.

"வளர்ந்துண்டு வரா. ஆம்பளைத் துணை இல்லாம எப்படி அனுப்பறது? படிச்ச வரைக்கும் போறும்" என்றார் அப்பா.

தம்பியின் பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "இவன் இருக்கானே! அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே இவனையும் சேர்த்துடலாம். இவன் ஆம்பளைதானே?"

அப்பா அவனைப் பார்த்தார். பாதிப் பின்னலும் கண்மையுமாக நின்றான். "ஆம்பளைதான், பின்னே?" என்றார்.

அப்படித்தான் எனக்குத் துணை கிடைத்தது. தினமும் அவன் மூக்கைத் துடைத்து, டிராம் தண்டவாளம் தாண்டும்போது கையைப் பிடித்து, கூட்டிக்கொண்டு போனேன். லஸ் முனையில் ஒரு செவலை நாய் உண்டு. அதைக் கண்டால் என் ஆண் துணை என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் என் படிப்பு போய்விடும். திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில் கையை உதறிவிட்டு எனக்கு முன்னால் நடப்பான். அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

நான் படித்து முடித்து, அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை ஆனேன். உத்தரவு வந்த அன்று வீட்டில் பால்பாயசம். மீசை அரும்பிய தம்பி வந்தவர்களிடமெல்லாம், "நான் தினமும் கூட்டிண்டு போகலைன்னா அக்கா படிச்சிருப்பாளா?" என்று மார்தட்டினான்.

பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "லஸ்ஸுல அந்தச் செவலை நாய் இன்னும் இருக்காடா?"

அவன் முகம் சிவந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"கோவிலுக்குன்னு சொல்லிட்டு, முதல் வாரம் பூரா உங்க பின்னாலயே வந்தேனே!"

"உனக்கு யாரு துணை வந்தா?"

அம்மா பாயசப் பாத்திரத்தை வழித்தபடி சிரித்தாள். "அதை யாரும் கேக்கலையே!"