கிணற்றுத் தொட்டி மீன்கள்

பிளீச்சிங் பவுடரின் மணம் வந்தால் எனக்கு இன்றும் முகம் சுடும்.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில், சுத்திகரித்து வெளியே விடும் கழிவுநீரைச் சோதித்து 'நல்லது' என்று எழுதுவது என் வேலை. புதிதாக வந்த யோகராணிக்கு அது போதவில்லை. ஒரு தொட்டியில் கழிவுநீரும் இன்னொன்றில் எங்கள் கிணற்று நீரும் நிரப்பி, இரண்டிலும் மீன் விட்டுப் பார்க்க ஆயத்தம் செய்தாள். முகாமையாளர் தினமும் அவளுடைய தொட்டிகளைத்தான் போய்ப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். அது தெரியாமல் அவள் அந்தத் தண்ணீரை அள்ளித் தொட்டியை நிரப்பி, இரண்டு தொட்டியிலும் மீன் விட்டாள். அந்த மருந்தில் மீன் சாகும் என்று தெரிந்தும், பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தேன். மறுநாள் இரண்டு தொட்டி மீன்களும் செத்து மிதந்தன.

"கிணத்துத் தண்ணியிலையும் சாகுதெண்டால், உந்தச் சோதனையை என்னெண்டு நம்புறது?" என்று முகாமையாளர் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அடுத்த நாள் அவள் நீர்வேலியில் இருந்த தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தாள். அதில் விட்ட மீன்கள் நீந்தின. நான் 'நல்லது' என்று எழுதிவந்த தண்ணீரில் விட்டவை மட்டும் செத்தன.

"கிணத்துக்கு மருந்து போட்டது உங்களுக்குத் தெரியுமோ, அண்ணை?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை."

நம்பிவிட்டாள். அறிக்கையை என்னிடம் நீட்டி, "நீங்கள்தானே மூத்த ஆள். உங்கடை பேர் முதல் வரட்டும்" என்றாள்.

நான் ஏங்கியதும் அந்த இடத்துக்குத்தான். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத இடம் இருந்தது, எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்:

ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும்.