எலுமிச்சம்பழத்தை நசுக்காத ஷாக்

1. பொம்மைக்கு ஷாக்கா?

யாழினி முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது, அவள் கையில் இருந்ததைப் பார்த்து, "பொம்மைக் கடை பஸ் ஸ்டாண்டாண்ட இருக்குதும்மா" என்று அனுப்பப் பார்த்தேன். செவிலிமேட்டில் நான் நடத்துவது டூவீலர் ஷாக் அப்சார்பர் சர்வீஸ் கடை. ஃபோர்க் வளைந்தால் நிமிர்த்துவேன், ஆயில் சீல் போனால் மாற்றுவேன். தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதே வேலைதான்.

"பொம்மை இல்ல பாய். ராக் கிராலர். ரிமோட்ல ஓடும், பாறை ஏறும்" என்று சொல்லி, வண்டியை என் பெஞ்சில் வைத்தாள். ஒரு முழ நீளம். நான்கு சக்கரத்துக்கும் விரல் பருமனில் நான்கு ஷாக். உள்ளே ஆயில், பிஸ்டன், ஓ-ரிங், வெளியே ஸ்பிரிங். பைக் ஷாக்கில் இருப்பதெல்லாம் அதிலும் இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. கழற்றிப் பார்த்த பிறகு பொறாமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

விஷயம் இதுதான். யாழினி ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அப்பா சேகருக்கு ஊருக்குள் பட்டுப் புடவைக் கடை. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீடு ஆரணி, அவர்களும் பட்டு வியாபாரம். பூ வைக்கும் விழாவுக்கு ஆரணிக்காரர்கள் மாலையை ட்ரோனில் பறக்கவிட்டார்கள். அது பெண் கழுத்தை விட்டுவிட்டு நாதஸ்வரக்காரர் தலையில் இறங்கியது. அவர் மாலையோடு ஒரு உருப்படியை வாசித்து முடித்தார். ஆனாலும் ஊரெல்லாம் ட்ரோனைப் பற்றித்தான் பேச்சு. சேகருக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மாவுக்கு வைக்கும் புடவை, ஆள் தொடாமல், மகளின் வண்டியில் தானாக மேடை ஏற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"புடவை விழாம ஏறிச்சுன்னா வண்டிய ஆரணிக்கு எடுத்துக்கினு போலாமாம். கவுந்துச்சுன்னா காயிலாங்கடைக்குப் போட்டுடுவாராம். கல்யாணம் ஆன பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குன்றாரு பாய்."

"அவ்ளோ முக்கியமாம்மா இது?"

"காலேஜ்ல சேந்ததுலேர்ந்து ஒவ்வொரு போல்ட்டா சேத்தது. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் மகள்கள் உண்டு. புடவையோடு படி ஏறுகிற மாதிரி ஷாக்கை செட் பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2. அமுங்கினால் கெட்டது என்று படித்தவன்

எங்கள் தொழிலில் உட்கார்ந்துபோன ஷாக் என்றால் செத்துப்போன ஷாக். இவள் வண்டியோ தரையில் வைத்த உடனே பாதி அமுங்கி உட்கார்ந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஸ்பிரிங் மேலே உள்ள காலர் வளையத்தை முழுக்க இறுக்கினேன். கெட்டியான ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். கைவசம் இருந்த பைக் ஃபோர்க் ஆயிலை ஊற்றினேன். வண்டி போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. எனக்குப் பரம திருப்தி.

கடைக்குப் பின்னால் வீடு கட்ட இறக்கிய கருங்கல் குவியல் ஒன்று இருந்தது. புடவைக்குப் பதிலாக ஒரு கிலோ சர்க்கரையைக் கட்டி அதில் ஏற்றினோம். ஒரு சக்கரம் கல்லில் ஏறியதும் மொத்த வண்டியும் சேர்ந்து சாய்ந்தது. அப்படியே மல்லாந்தது. சர்க்கரை முழுக்கக் கொட்டியது. அதற்கு வந்த எறும்புகள் அந்த மழைக்காலம் முழுக்க என் கடையில்தான் குடியிருந்தன. மறுநாள் பார்த்தால் ஓ-ரிங் எல்லாம் ஊறிப் பெருத்து, நான்கு ஷாக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"இதுக்கு சிலிகான் ஆயில்தான் ஊத்தணும் பாய்."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கவே இல்லையே."

கோபத்தை அடக்கிக்கொண்டு, புது ஓ-ரிங் போட்டு, அவளோடு உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். கிராலரில் ஒரு சக்கரம் பாறை மேல் இருக்கும்போது இன்னொன்று பள்ளத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் கீழே எட்டித் தரையைத் தொட்டால்தான் வண்டி கவிழாது. இதற்கு ட்ரூப் என்று பெயர். சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் பாதி அமுங்கியிருந்தால்தான், எட்டுவதற்கு மீதி நீளம் கிடைக்கும். இத்தனை வருடமாக நான் கெட்டது என்று குப்பையில் போட்ட குணம்தான் இந்த வண்டிக்கு உயிர்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மெத்தென்ற ஸ்பிரிங் போட்டோம். மேலே சுமை இருப்பதால் ஆடக்கூடாது என்று கொஞ்சம் கெட்டி ஆயில் ஊற்றினோம். பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் இழுத்து ஒரு காற்றுக்குமிழ் விடாமல் வெளியேற்றினோம். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்குச் சற்று மேலே, புடவை வைக்கும் தட்டைத் தாழ்வாகக் கட்டினோம். ஏறும்போது முன்பக்கம் தூக்காமல் இருக்க முன் ஆக்ஸிலில் பித்தளை எடை மாட்டினோம். கருங்கல் குவியலில் வண்டி பூனை மாதிரி ஏறி இறங்கியது. இந்த முறை சர்க்கரை அசையவில்லை.

சேகர் பார்க்க வந்தார். புடவையைக் கையில் கொடுத்தால் கலரைப் பார்க்கும் முன் உள்ளங்கையில் தூக்கி எடை பார்க்கிற மனிதர். ஒரு விரலால் வண்டியை அழுத்தினார். அது அமுங்கியது.

"இன்னா பாய் இது, தொட்டா அமுங்குது? கெட்டியா இருக்க வேணாமா?"

"அமுங்கினாத்தாங்க ஏறும்."

அவர் நம்பவில்லை. கார் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

3. பழம்

நிச்சயதார்த்தம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைப் படிகள் வண்டிக்கு உயரம் என்பதால் படிக்குப் படி செங்கல் அடுக்கிப் பாதியாக்கி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தோம். தட்டில் புடவை, வெற்றிலை பாக்கு, ஒரு முழம் பூ. யாழினி அலங்காரத்தில் இருந்ததால், மண்டப வாசலில் ரிமோட்டோடு நான் தயார்.

அப்போதுதான் புரோகிதர் வண்டியைப் பார்த்தார். "புது வண்டியா? பூஜை போடாம எப்படி உள்ள விடுறது?" என்றார். யாரும் மறுக்கவில்லை. சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆனது. மோட்டாருக்கு மாலை போட வந்தவரை நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன், பூ கியரில் சிக்கிவிடும். கடைசியாக நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, "எடுங்க வண்டிய" என்றார்.

எடுத்தேன். சக்கரம் பழத்தின் மேல் பதமாக ஏறி, பதமாக இறங்கியது. தட்டில் பாக்குகூட உருளவில்லை. பழங்கள் வைத்தது வைத்தபடி முழுசாகக் கிடந்தன.

"நசுங்கலையே!" என்றார் யாரோ. ரிவர்ஸ் எடுத்து மறுபடி விட்டேன். நசுங்கவில்லை. மூன்றாவது முறை ஒரு பழம் உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அதைக் குச்சி வைத்து எடுத்து வந்து மறுபடி வைத்தார்கள். கூட்டத்தில் அபசகுனம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

சேகர் முகம் சிவந்துவிட்டது. "ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கத் துப்பில்ல, இது ஒரு வண்டியா?"

"நசுக்காம போறதுக்குத்தாங்க இவ்ளோ நாளா பாடுபட்டேன்."

"ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கு பாய்."

"வண்டியே மூணு கிலோதாங்க. ஸ்பிரிங்குக்குப் பதிலா கம்பியையே வச்சாலும் நசுங்காது."

"அப்ப வெயிட்டை ஏத்து!" என்று அவரே வரிசைத் தட்டிலிருந்து தேங்காய்களை எடுத்து வைத்தார். மேலே ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு மேல் வெல்லம். நான்கு ஷாக்கும் அடிவரை இறங்கிவிட்டன. இந்தச் சுமையோடு முதல் செங்கல்லிலேயே வண்டி மல்லாந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். என் பேச்சு எங்கே எடுபடுகிறது?

யாழினி பாதித் தலைக்குப் பூ வைத்தபடி ஓடி வந்தாள். "அப்பா, எறக்குங்க! இது ஏறாதுப்பா!"

"சகுனம்மா!"

"கவுந்தா காயிலாங்கடைன்னு சொல்லிட்டு நீங்களே கவுக்கறீங்களே!" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே நின்ற என் ஸ்கூட்டரை உள்ளே கொண்டுவந்து அந்தப் பழங்கள் மேல் ஏற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது மேடையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா புவனேஸ்வரி இறங்கி வந்தார். ஆரணிப் பட்டு லேசானது; லேசான புடவையை விற்றே மூன்று மாடிக் கடை கட்டியவர். குனிந்து ஒரு பழத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்லியே!"

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா" என்று சேகர் இழுத்தார்.

"இதுல தப்பு என்னா இருக்குது? பழமே நசுங்காம வருதுன்னா என் புடவையும் கசங்காம வரும். எல்லாத்தையும் வெயிட்டுலயே அளப்பீங்களா சம்பந்தி? தேங்காயை எறக்குங்க."

புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. "அம்மா சொல்றது நல்ல சகுனம்தான்" என்றார்.

ரிமோட்டை யாழினியிடம் கொடுத்தேன். மேடைப் படிவரை வண்டி ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. மூன்றாவது செங்கல்லில் பின்பக்கச் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, மண்டபமே மூச்சைப் பிடித்தது. ஷாக் முழுசாக நீண்டு, டயர் செங்கல்லைத் தொட்டுப் பிடித்துக்கொண்டது. வண்டி மேடை ஏறிவிட்டது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டினார். நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

புவனேஸ்வரி அம்மா புடவையை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். சேகருக்கு அது போதும்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் யாழினி மறுபடி கடைக்கு வந்தாள். கை வெறுமையாக இருந்தது.

"வண்டி எங்கம்மா?"

"அத்தை கடையில பாய். கஸ்டமருக்குப் புடவை எடுத்துக்கினு போவ வச்சுக்கினாங்க. ரிமோட்டை இடுப்புல சொருகிக்கினு சுத்துறாங்க, என்னைத் தொடவே விட மாட்டேன்றாங்க. எனக்கு வேற ஒண்ணு செட் பண்ணிக் குடுங்க."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஷாக் கெட்டியாக வேண்டுமா, மெத்தென்று வேண்டுமா என்று கஸ்டமரிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. வண்டி எதைச் சுமக்கும், எதைத் தாண்ட வேண்டும் என்று கேளுங்கள். மீதியைக் கணக்குப் போடுவது நம் வேலை. யாழினியிடமும் இந்த முறை முதலிலேயே அதைத்தான் கேட்டேன்.

"எதையும் சுமக்க வேணாம் பாய். அத்தையோட வண்டியைத் தாண்டினா போதும்."